பாய்ந்து வேட்டையாடும் எறும்பு

ஆஸ்டின் டவுனில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைக்காத வீடு உண்டா? எறும்பு என்றாலே நமக்குச் சர்க்கரைத் திருடன்தான். ஆனால் வேட்டையாடியே பிழைக்கும் எறும்பு ஒன்றும் நம் தென்னாட்டில் இருக்கிறது. இரை தேட வரிசையாகப் போகாது. தனியாகவே போகும். பூச்சியைக் கண்டால் புலி போலப் பாயும்!

இதற்குப் பெயர் வைத்தவர் ஓர் ஆங்கில டாக்டர். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த டி. சி. ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றைச் சென்னை ஏடு ஒன்றில் 1851-ம் ஆண்டு வெளியிட்டார். அதில் இந்த எறும்பை எந்தப் பழைய பேரினத்திலும் சேர்க்காமல், புதுப் பேரினமாகவே பதிவு செய்தார். பெயர் 'ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர்'. நம் இனிஷியல் மாதிரிதான்: முன்னால் இருப்பது குடும்பத்தைக் காட்டும், பின்னால் இருப்பது ஆளைக் காட்டும். முதல் சொல்லுக்கு அரிவாள் தாடை என்று பொருள். இரண்டாவதற்குக் குதிப்பவன் என்று பொருள்.

அடையாளம் என்ன?

பார்சல் ஆபீசில் லேபிள் கிழிந்த மூட்டையை அடையாளம் கண்டுபிடிப்பது எங்கள் பிழைப்பு. எறும்பு ஆராய்ச்சியாளர் வேலையும் ஏறக்குறைய அதுதான். இந்த எறும்புக்குத் தாடை நீளம். அரிவாள் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். கண்கள் மிகப் பெரியவை. பெரும்பாலான எறும்புகள் மோப்பத்தை நம்பிப் பிழைக்க, இது பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும். வேலைக்கார எறும்புகளுக்குப் பிறவியிலேயே இறகு கிடையாது.

நீளத் தாடை வேறு எறும்புகளுக்கும் உண்டே என்பீர்கள். உண்டு. 'ஓடோண்டோமேக்கஸ்' என்னும் எறும்பு, திறந்த தாடையை எலிப்பொறி போலப் படாரென மூடும். தாடையைத் தரையில் அடித்தே எகிறவும் செய்யும். நம் எறும்போ காலால் குதிக்கிறது. நடுக்கால்களையும் பின்கால்களையும் ஒரே நேரத்தில் உதைத்து எழும்புகிறது என்று 1994-ல் ஓர் ஆராய்ச்சிக் குழு எழுதியது. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முஸ்தாக் அலியும் அக்குழுவில் ஒருவர். நான்கு அங்குலம் வரை தாவும் என்கிறார்கள்!

பிடித்த பூச்சியைக் கொடுக்கால் குத்தி மயக்கி, கெட்டுப் போகாமல் உயிரோடு கூட்டில் வைக்கும். மண்ணுக்குள் இருக்கும் அறைச் சுவரில், பழைய கூட்டுப்புழு உறைகளைக் காகிதம் ஒட்டுவது போல ஒட்டி வைக்கும்.

வேலைக்காரி ராணியானால்

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். ராணி இறந்தால் வேலைக்காரிகள் உணர்கொம்பால் ஒருவரையொருவர் அடித்துப் போட்டி போடுவார்கள். நாள் கணக்கில் நடக்கும் இந்தச் சண்டையில் வெல்பவர்களே முட்டையிடும் பதவிக்கு வருவார்கள். ஏழு மாதம் வாழ வேண்டியவள் நான்கு ஆண்டு வரை வாழ்வாள். ஆனால் மூளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும்! கூட்டை விட்டு வெளியே போய் வேட்டையாடத் தேவையில்லையே.

2021-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், இப்படிப் பதவி பெற்றவர்களுக்குச் சாயப் புள்ளி வைத்து, சில வாரம் தனியே அடைத்துப் பின்னர் கூட்டில் விட்டார்கள். மற்றவர்கள் பிடித்து அடக்க, அவர்கள் பழையபடி வேலைக்காரிகளானார்கள். சுருங்கிய மூளையும் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஆக்டிங் பதவிக்குப் போய் ரிவர்ட் ஆகி வந்தவர்கள் எங்கள் ஆபீசிலும் உண்டு. அவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.