சோப்பு கண்ணாடி போலாவது எப்படி?

வீட்டில் தேங்காயெண்ணெயும் எரிசோடாவும் கொண்டு செய்த சோப்பு வெண்மையாக, ஒளி புகாமல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். எண்ணெயில் அழுக்கு இருந்ததோ என்று ஐயுற வேண்டாம். கற்கண்டு ஒளியை விடும். பொடித்தால் வெளுத்துவிடும் அல்லவா? பொடியின் எண்ணற்ற பரப்புகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம். சோப்பு ஆறும்போது தோன்றும் படிகங்களும் அவ்வாறே செய்கின்றன.

ஆல்கஹால், கிளிசரின், சர்க்கரைப்பாகு சேர்த்துக் கரைத்து ஆற்றினால், படிகங்கள் ஒளியலையின் நீளத்தைவிடச் சிறியனவாகவே நின்றுவிடும். ஒளி ஊடுருவும், எண்ணெயின் இயற்கை நிறமும் தெரியும். 1807-இல் லண்டனில் ஆண்ட்ரூ பியர்ஸ் உருவாக்கிய சோப்பும் ஆல்கஹாலில் கரைத்துச் செய்ததே.

நிறத்துக்கு மஞ்சள்தூள் இட்டால் ஏமாறுவீர்கள். சோப்பின் காரத்தன்மை அதைச் செம்பழுப்பாக்கிவிடும். ஆல்கஹால் ஆவி எளிதில் தீப்பற்றும்; எரியும் அடுப்பருகே இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.