மரமும் நீரும் இட்ட ஊர்ப்பெயர்கள்

விவிலியத்து ஊர்ப்பெயர்களில் ஒரு பகுதி மரப்பெயர்கள். எபிரேயத்தில் ரிம்மோன் என்றால் மாதுளை, தாமார் பேரீச்சை, லூஸ் வாதுமை. யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துக் கனவு கண்ட இடம் முன்னர் லூஸ் என்றே இருந்தது. பெத்தேல் என்பது அவர் பிறகு இட்ட பெயர். தாவீது கோலியாத்தை வீழ்த்திய ஏலா பள்ளத்தாக்கும் ஒரு மரத்தின் பெயரைக் கொண்டதுதான்.

மழை குறைந்த நாட்டில் மரம் நிற்கும் இடமே தண்ணீர் கிடைக்கும் இடம். அதனால் இப்பெயர்களில் மரமும் நீரும் அடிக்கடி சேர்ந்தே வரும். ஏன்ரிம்மோன் என்பது மாதுளை ஊற்று. எகிப்தைவிட்டு வந்த இஸ்ரயேலர் பாளையமிறங்கிய ஏலிமில் 12 ஊற்றுகளும் 70 பேரீச்சைகளும் இருந்ததாக விடுதலைப் பயண நூல் எண்ணிச் சொல்கிறது. பேரீச்சை நகர் என்று பெயரெடுத்த எரிகோவும் ஊற்றுநீரால் வாழ்ந்த ஊர்தான்.

இலங்கையின் வன்னியில் பிறந்தவருக்கு இந்தப் பெயர்முறை புதிதல்ல. ஏ-9 வீதியோரம் புளியங்குளம், மாங்குளம். வவுனியாப் பக்கம் வேப்பங்குளம், நொச்சிமோட்டை. முன்பாதி மரம், பின்பாதி நீர்நிலை. அங்கே ஊற்றைச் சுற்றி ஊர் எழுந்தது, இங்கே குளக்கட்டின் கீழே எழுந்தது, வேறுபாடு அவ்வளவே.

இலங்கைக் கத்தோலிக்கரின் பெரிய யாத்திரைத் தலமும் இந்த முறையில் பெயர் பெற்றதே. மடு என்று சுருக்கி அழைக்கப்படும் மருதமடு, நிர்வாகத்தில் மன்னார் மாவட்டம் என்றாலும் வன்னிக் காட்டுக்குள் இருப்பது. மருதம் ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் நீரைத் தேடி வேர்விடும் மரம். மடு என்பது லேசில் வற்றாத ஆழமான நீர்க்கிடங்கு. ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பி, 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தோடு ஓடிவந்தவர்கள் ஒளிந்து வாழ ஏற்ற காடு அது. அச்சொரூபத்துக்கு 1924 ஜூலை 2ஆம் திகதி முடிசூட்டப்பட்டது. ஆடித் திருவிழாவும் அதே திகதியில்தான்.

விவிலிய மரங்களில் வன்னிக்கு நெருங்கிய உறவு காட்டத்தி. எரிகோவில் இயேசுவைப் பார்க்கச் சக்கேயு ஏறியது அதில்தான். அடிமரம் தடித்து, கிளைகள் நிலத்துக்குக் கிட்டவே பிரிவதால் குள்ளமானவரும் ஏறிவிடலாம். அந்த ஊருக்குப் பெயர் தந்த பேரீச்சையில் ஏற முயன்றிருந்தால் பாடு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பனையேறும் ஊராருக்குச் சொல்லத் தேவையில்லை. காட்டத்தியின் காய்கள் கிளைநுனியில் அல்ல, தண்டிலும் பெருங்கிளைகளிலுமே கொத்துக் கொத்தாகப் பிடிக்கும். காயைக் கத்தியால் கீறிவிட்டால் சில நாளில் பருத்துப் பழுக்கும். இறைவாக்கினர் ஆமோஸ் தம் தொழில்களில் ஒன்றாகச் சொன்னது இந்த மரத்தைப் பராமரிப்பதை. வன்னியின் ஆற்றங்கரைகளில் தண்டோடு ஒட்டிக் காய்க்கும் அத்தி இதன் நெருங்கிய இனம். உலர்த்திக் கடையில் விற்கும் அத்திப்பழம் வேறொரு மரத்தினுடையது. இயேசு சபித்த அத்தி அந்த வகை.

உடன்படிக்கைப் பேழை செய்யப்பட்ட சித்திம் மரம் முட்கள் நிறைந்த ஒரு வேல வகை. யோர்தானைக் கடக்குமுன் இஸ்ரயேலர் தங்கிய கடைசி இடமும் அதன் பெயரையே கொண்டது. மன்னார்க் கரையோரம் குடைவிரித்து நிற்கும் உடைமரம் அதற்கு உறவு.

ஒலிவமோ இந்த மண்ணின் மரமல்ல. ஆனால் விளக்குக்கு எண்ணெய் தந்ததில் அதன் இடத்தை இங்கு வகித்தது இலுப்பை. இலுப்பைக்குளம், இலுப்பைக்கடவை என்று ஊர்களும் அதன் பெயரில் உண்டு. கெத்சமனி என்றாலே எண்ணெய்ச் செக்குதான். அந்தத் தோட்டத்தில் இன்று நிற்கும் 8 பழைய ஒலிவ மரங்களில் மூன்றின் வயதை ஆராய்ந்த இத்தாலிய ஆய்வாளர்கள், அவற்றின் தண்டுகள் ஏறத்தாழ 900 ஆண்டு பழையவை என்று 2012இல் அறிவித்தனர். இயேசு செபித்த அதே மரங்கள் என்று யாத்திரிகர் நம்புவது தண்டைப் பொறுத்தவரை பொருந்தாது. வெட்டினாலும் ஒலிவம் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும் என்பதால், வேரின் வயது அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.