தார் பாலையில் ஓர் இரவின் கணக்கு

ஆண்டுக்கு 365 இரவுகள். தார் பாலைவனத்தின் மணல்மேட்டில், கூடாரம் இல்லாமல், ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையை விரித்து வானத்தைப் பார்த்தபடியே தூங்குவதற்கு அவற்றில் எத்தனை தேறும்?

ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். புழுதிக்காற்று கிளம்பினால் வானமே தெரியாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை குறைவுதான், ஆனால் மேகம் உண்டு. மிஞ்சுவது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான 182 இரவுகள். இதிலும் நிலாவுக்குப் பங்கு உண்டு. நிலவின் சுற்று 29.5 நாள். அமாவாசைக்கு முன்பின்னாக ஒரு சுற்றுக்குப் பத்து இரவு என்று எடுத்தால், ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய அறுபது. தாரில் உள்ள ஜெய்சல்மேர் நகரின் பாலைவனத் திருவிழா மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கிறது. நாட்டுப்புற இசைக்கும் நிலவொளியில் மினுங்கும் மணலுக்கும் அது நல்ல நாள். விண்மீன் பார்க்கவென்றே போகிறவர்கள் தேதியைப் பதினைந்து நாள் தள்ளிவைக்க வேண்டும். முழுநிலவின் வெளிச்சத்தில் சில நூறு விண்மீன்கள்தான் கண்ணுக்கு எட்டும்.

நிலா இல்லாத இரவில் எத்தனை தெரியும்? வெறுங்கண்ணுக்கு எட்டும் விண்மீன்கள் வானக்கோளம் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 9,000. ஒரு நேரத்தில் பாதி வானம்தான் நம் தலைக்கு மேல் இருக்கிறது. அடிவானத்துத் தூசியில் மறைபவற்றைக் கழித்தால் 2,500 முதல் 3,000 வரை மிஞ்சும். பெருநகரத்து மொட்டைமாடியில் நூறு எண்ண முடிந்தால் அதிகம். பாலையின் இருளுக்குக் காரணம் ஆள்நெருக்கம் இல்லாததுதான். 2011 கணக்கெடுப்பின்படி ஜெய்சல்மேர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். தமிழ்நாட்டில் 555 பேர்.

டிசம்பர் நடுவில் ஜெய்சல்மேரில் மாலை ஆறுக்குச் சற்று முன் சூரியன் மறைகிறது. ஏழேகாலுக்கு மேல் முழு இருள். விடியற்காலை ஆறு மணி வரை பத்தரை மணி நேரத்துக்கும் மேலான இரவு. இருட்டியதுமே உச்சிக்கு அருகில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் ஒரு மங்கல் திட்டாகத் தெரியும். அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது. பதினொரு மணி வாக்கில் கார்த்திகை தலைக்கு மேல் வரும். வடக்கே துருவ விண்மீன் 27 டிகிரி உயரத்தில் நிற்கும். சென்னையில் அது 13 டிகிரியில், கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்துகிடப்பது. தெற்கே நமக்கு நட்டம். சென்னையில் 24 டிகிரி ஏறும் அகத்தியர் விண்மீன் இங்கே 10 டிகிரிதான் ஏறும். அதையும் பார்க்க வேண்டுமானால் பின்னிரவு ஒன்றரை மணிக்கு விழித்துத் தெற்கு அடிவானத்தைத் தேட வேண்டும். நான் கட்டாயம் விழிக்கச் சொல்வேன்.

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஜெய்சல்மேர் நகரிலிருந்து 40 கி.மீ. மேற்கே உள்ள சம் மணல்மேடுகளில் கூடார முகாம்கள் நெருக்கமாக நிற்கின்றன. மின்விளக்கும் ஒலிபெருக்கியும் நள்ளிரவு வரை ஓடினால், அவ்வளவு தூரம் போனதே வீண். தென்மேற்கே சுமார் 50 கி.மீ. தள்ளியுள்ள கூரி கிராமத்துப் பக்கம் கூட்டம் குறைவு. இந்தப் பகுதியில்தான் 3,162 சதுர கி.மீ. பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. இயற்கைச் சூழலில் 150க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் கானமயிலின் முக்கியப் புகலிடம் இது. தரையில் முட்டையிடும் அந்தப் பறவை பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். அதன் பக்கத்தில் ஒலிபெருக்கி வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

அடுத்து தண்ணீர். பயணிகள் நால்வர், ஒட்டகக்காரர் இருவர், ஆக ஆறு பேர். குடிக்க ஆளுக்கு 4 லிட்டர், சமையலுக்கும் தேநீருக்கும் 2, கைகால் கழுவ 2. மொத்தம் 48 லிட்டர். பாத்திரம் கழுவ? பூஜ்யம். ஒட்டகக்காரர்கள் தட்டையும் வாணலியையும் காய்ந்த மணலால் தேய்த்தே எண்ணெய்ப் பிசுக்கு போக்கிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் பச்சைத் தழை மேயும் ஒட்டகம் நாள்கணக்கில் தண்ணீரைத் தேடாது. தாகம் எடுத்துக் குடிக்க நின்றால் ஒரே மூச்சில் 100 லிட்டர் குடித்துவிடும். அதற்குக் கிணறு இருக்கிறது, நாம் சுமக்க வேண்டியதில்லை.

இதே நால்வர் குளியலறை இணைந்த கூடாரத்தில் தங்கினால்? ஆளுக்கு ஒரு வாளிக் குளியல் 20 லிட்டர், கழிவறையில் நான்கு முறை தண்ணீர் திறக்க 24 லிட்டர். நால்வருக்கு 176 லிட்டர், குடிநீர் தனி. ஜெய்சல்மேரில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஆண்டு முழுவதும் விழும் மழையே ஏறத்தாழ 200 லிட்டர்தான். ஜோத்பூரின் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த ‘டாங்கா’ என்னும் மழைநீர்த் தொட்டி 21,000 லிட்டர் கொள்ளும். ஆறு பேர் குடும்பத்துக்கு அது ஓராண்டுத் தண்ணீர். வகுத்தால் ஆளுக்கு நாளைக்குப் பத்து லிட்டருக்கும் சற்றுக் குறைவு. மணலில் படுப்பவர் அந்த ஊர்க்காரரின் அளவுக்குள் வாழ்ந்துவிட்டு வருகிறார்.

விறகு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ‘கேஜ்ரி’ என்று போற்றப்படும் மரம் நம் வன்னி. 1730இல் கேஜர்லி கிராமத்தில் அதை வெட்டவிடாமல் தடுத்து உயிர்விட்டவர்கள் 363 பேர். சமைக்க ஒரு சிறு அடுப்பு போதும். குளிருக்கு இன்னொரு ரஜாய் கேளுங்கள். ஜனவரியில் இரவு வெப்பம் 7, 8 டிகிரிக்கு இறங்கும்.

இனி பணம். விலை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் முழு எண்களில் ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். ஆளுக்கு ரூ. 2,000 வீதம் நால்வருக்கு ரூ. 8,000 என்று வைத்துக்கொள்வோம்.

ஜீப் போகவர 100 கி.மீ. – ரூ. 1,500
ஆறு பேர் உணவு – ரூ. 1,200
படுக்கை, துவைப்பு – ரூ. 300
இடைத்தரகு 20 விழுக்காடு – ரூ. 1,600
ஒட்டகக்காரர் இருவர், இரண்டு நாள் கூலி – ரூ. 2,000
நான்கு ஒட்டகங்களுக்கு மிச்சம் – ரூ. 1,400

ஒட்டகத்துக்கு 350 ரூபாய். ஆனால் அது 365 நாளும் சாப்பிடுகிறது. 500 கிலோ எடையுள்ள ஒட்டகத்துக்கு நாளைக்குப் பத்துக் கிலோ உலர்தீவனம் வேண்டும். ஆண்டுக்கு 3,650 கிலோ. பாதியை மேய்ச்சலில் தேடிக்கொண்டாலும் மீதி 1,825 கிலோவைக் கிலோ 12 ரூபாய்க்கு வாங்கினால் ரூ. 21,900. அதை 350ஆல் வகுத்தால் 63 சவாரி. நல்ல இருட்டு இரவுகளே அறுபதுதான் என்று மேலே பார்த்தோம். அவை எல்லாவற்றிலும் ஓடினாலும் வைக்கோல் காசே முழுதாகத் தேறாது; மருத்துவம், சேணம், வளர்ப்பவர் வீட்டுச் செலவு எதற்கும் ஒரு ரூபாய் மிஞ்சாது.

ராஜஸ்தானில் ஒட்டகங்கள் குறைந்துவருகின்றன. அதற்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. பாரம் இழுக்கும் வேலையை வாகனங்கள் எடுத்துக்கொண்டன, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. 2015இல் வெட்டவும் வெளிமாநிலம் கொண்டுபோகவும் தடைபோட்ட ராஜஸ்தான் சட்டத்துக்குப் பின் சந்தையில் விலை விழுந்தது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் 3.26 லட்சம், 2019இல் 2.13 லட்சம். சினைக்காலமே பதின்மூன்று மாதம் என்பதால், சரிந்த எண்ணிக்கை சட்டென்று மீளாது.

குளியலறைக் கூடாரத்தை விட்டுவிடுவதால் மிஞ்சும் பணத்தில் ஆளுக்கு 300 ரூபாயை ஒட்டகத்தின் பெயரில் சேர்த்துக் கொடுங்கள். 350 என்பது 650 ஆகும். தீவனத்துக்குத் தேவையான சவாரி 63இலிருந்து 34ஆகக் குறையும். அதன் பிறகு வரும் சவாரிகளின் பணம் அந்த வீட்டுக்கு. பதிவு செய்யும்போதே, மொத்தத் தொகையில் ஒட்டகத்துக்கு எவ்வளவு, ஒட்டகக்காரருக்கு எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூடுதல் பணத்தைத் தரகரிடம் தராமல், மறுநாள் காலை ஒட்டகத்திலிருந்து இறங்கியதும் ஒட்டகக்காரர் கையிலேயே கொடுப்பது நல்லது.