ரத்தத்தில் பதர் போக்கி மணி எடுத்தல்

யானைக்கால் நோய்க்குக் காரணமான ஃபைலேரியா புழு, நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். அதன் குஞ்சுகள் இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும். அவற்றைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுவே. கும்பகோணம் ஒரு காலத்தில் இந்நோய்க்குப் பெயர்போன ஊர். 1955-இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின், இத்தகைய ஊர்களில் இரவு நேர ரத்தப் பரிசோதனை வழக்கமாயிற்று.

விரல் நுனியில் எடுக்கும் அந்த ரத்தம், புழுக்குஞ்சு இருக்கிறதா என்று சொல்லும். ஒரே தெருவில் ஒருவருக்குக் கால் வீங்க, இன்னொருவர் ரத்தம் நிறையப் புழுக்குஞ்சுகளோடு ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுவது ஏன் என்று சொல்லாது. அதற்கான விடையில் பெரும்பங்கு டி செல்களிடம் இருக்கிறது. வெள்ளையணுக்களில் ஒருவகையான இவற்றுள், புழுவை அடையாளம் கண்டு தூண்டப்பட்டவை எவை என்று பார்க்க வேண்டுமானால், முதலில் ரத்தத்திலிருந்து பிரிக்க வேண்டும்.

மிதப்பதும் மூழ்குவதும்

காவிரி டெல்டா விவசாயி விதைநெல்லை உப்புக் கரைசலில் கொட்டுவார். பதர் மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். கரைசலின் அடர்த்தி சரியா என்று அறிய ஒரு முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பதும் உண்டு. ஆய்வகத்தின் முதல் படியும் இதே கணக்குதான். 1968-இல் நார்வே விஞ்ஞானி ஆர்னே போயும் வகுத்த முறையில், ஃபிகால் என்ற சர்க்கரைப் பொருள் சேர்ந்த, 1.077 அடர்த்தியுள்ள கரைசலின்மேல் ரத்தத்தைக் கலங்காமல் ஊற்றிச் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் அடியில் இறங்கும். டி செல்கள் அடங்கிய வெள்ளையணுக் கூட்டம் நடுவில் மங்கலான வளையமாக நிற்கும். நெல்லில் அடியில் தங்குவதைக் கொள்வார்கள். இங்கே கரைசலின்மேல் மிதந்து நிற்பதை உறிஞ்சி எடுப்பார்கள்.

ரத்தம் புதிதாக இருக்க வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால் வேறுவகை வெள்ளையணுக்களின் அடர்த்தி மாறி, அவையும் வளையத்தில் கலந்துவிடும். ஐஸில் வைத்தாலும் பிரிப்பு கெடும். கும்பகோணத்தில் எடுத்த ரத்தத்தைச் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள சென்னைக்கு அனுப்புவதானால், வெயிலும் படாமல் குளிரும் ஏறாமல் அன்றைக்கே சேர்க்க வேண்டும்.

காந்தத்தின் வேலை

வளையத்தில் டி செல்களோடு பி செல்களும் மோனோசைட்டுகளும் இருக்கும். குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடிகளில் நுண்ணிய இரும்பு மணிகளைப் பூட்டி, இவற்றோடு கலந்து, காந்தத்தின் அருகே வைப்பார்கள். டி செல்லின் சிடி3 என்ற புரதத்தையே பிடித்து இழுப்பது எளிது. ஆனால் அது டி செல்லைத் தூண்டும் பொத்தானும்கூட. பிரிக்கும் கையே செல்லை எழுப்பிவிட்டால், உடலுக்குள் ஏற்கெனவே தூண்டப்பட்டது எது என்று தெரியாமல் போகும். எனவே மற்ற அணுக்களில் ஆன்டிபாடியை ஒட்டி அவற்றைக் காந்தத்தில் நிறுத்திவிட்டு, டி செல்களைத் தொடாமல் வழியவிடுவதே பாதுகாப்பான முறை.

தூண்டப்பட்டதன் அடையாளம்

தூண்டப்பட்ட செல் சற்றுப் பருத்திருக்கும் என்றாலும், உருவத்தை மட்டும் நம்பிப் பிரிக்க முடியாது. மேற்பரப்பில் முளைக்கும் புரதங்களே அடையாளம். சிடி69 சில மணி நேரத்தில் தோன்றும். சிடி25 சுமார் ஒரு நாளில். ஹெச்எல்ஏ-டிஆர் இன்னும் தாமதித்து. எந்த நேரத்தில் தேடுகிறோமோ அதற்கேற்ற புரதத்தைத் தேட வேண்டும்.

ஃபைலேரியாவில் ஒரு சிக்கல் கூடுதல். எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் சிடி25-ஐ எப்போதும் சுமந்திருக்கும். அதை மட்டும் வைத்துப் பிரித்தால் சண்டைக்காரரும் சமாதானக்காரரும் ஒரே கூடையில் விழுவார்கள். சிடி127 புரதம் ஒழுங்குபடுத்தும் செல்களில் குறைவு என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒளிரும் சாயம் பூட்டிய ஆன்டிபாடிகளை ஒட்டி, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு வகைபிரிக்கும் கருவியே இதற்குக் கைகொடுக்கிறது.

புழுவுக்கென்றே அமைந்த டி செல்கள் ரத்தத்தில் மிகச் சொற்பம். அவற்றைக் கண்டறிய, புழுச் சாற்றோடு செல்களை வளர்த்துப் பார்ப்பார்கள். கும்பகோணம் பகுதியில் காணும் இந்தப் புழுவை ஆய்வக விலங்குகளில் எளிதில் வளர்க்க முடியாததால், அதன் உறவான புரூஜியா மலாயி புழுவின் சாறே பெரும்பாலும் பயன்படுகிறது.

சென்னையில் கிடைத்த விடை

சென்னை சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையம், இப்போதைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து இத்துறையில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. சுபாஷ் பாபு, தாமஸ் நட்மன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், புழுச் சாற்றோடு வளர்த்தபோது, கால் வீங்கியவர்களின் அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா, ஐஎல்-17 போன்ற அழற்சிப் பொருள்களை மிகுதியாகச் சுரந்தன. ஒழுங்குபடுத்தும் செல்களின் அடையாளங்கள் குறைந்திருந்தன. தொந்தரவின்றிப் புழுவைச் சுமப்பவர்களிடம் அந்த வேகம் அடங்கியிருந்தது. புழுவோடு சேர்ந்து, அதை எதிர்க்கக் கிளம்பி அடங்காமல் போன டி செல்களும் வீக்கத்துக்குப் பொறுப்பு.