ஒலிவடிவும் வரிவடிவும்: ஸ்காட்டின் கரித்தாள்

மனிதர் குரலை முதன்முதற் பதிவு செய்தவர் எடிசன் என்றும், அது நிகழ்ந்தது 1877-ஆம் ஆண்டு என்றும் நூல்கள் பலவற்றிற் காண்கிறோம். பதிந்த குரலை மீண்டும் ஒலிக்கச் செய்தவர் அவரே என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவு என்னுந் தொழிலை மட்டும் நோக்கின், அஃது ஏறத்தாழ இருபது ஆண்டுகட்கு முன்னரே பாரிசு நகரில் நிகழ்ந்துவிட்டது. அங்ஙனம் பதிந்தவர் அதனைக் காதாற் கேட்க எண்ணினாரல்லர். கண்ணாற் படிக்கவே எண்ணினார். எழுத்திலக்கணம் பயில்வார்க்கு இவ்வேறுபாடு பயன்தருவது ஆதலின் ஈண்டு அதனைச் சிறிது விரித்துரைப்போம்.

எடுவார் லியோன் ஸ்காட் டி மார்தன்வீல் (1817–1879) அச்சுத்தொழில் செய்தவர். 1849இல் சுருக்கெழுத்தின் வரலாறு பற்றி ஒரு நூலும் வெளியிட்டவர். பேசுவோன் விரைவுக்கு எழுதுவோன் கை ஈடுகொடுக்க மாட்டாமை அவர் நன்கறிந்த குறை. பின்னர் உடலியல் நூலொன்றின் அச்சுப்படிகளைத் திருத்துங்கால் செவியின் அமைப்பைக் காட்டும் படங்கள் அவர் கண்ணிற் பட்டன. காற்றின் அதிர்வைச் செவிப்பறை ஏற்கின்றது எனின், அதுபோன்ற ஒரு சவ்வு அவ்வதிர்வைத் தாளில் எழுதவும் கூடுமன்றோ என்று கருதினார். அச்சகத்தில் அமர்ந்து பிறர் எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்த ஒருவர்க்கு இவ்வெண்ணம் தோன்றியது இயல்பே எனலாம்.

அவர் அமைத்த கருவி எளியது. ஒலியை வாங்கும் அகன்ற வாயில் ஒன்று. அதன் மறுமுனையில் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு. சவ்விற் பொருத்திய பன்றிமயிர். அம்மயிரின் நுனி உரசும்படி, விளக்குப் புகையாற் கருக்கிய தாள் சுற்றிய உருளை. ஒருவர் உருளையைக் கையாற் சுழற்ற, மற்றொருவர் பாட, மயிர்நுனி கரியை விலக்கி நெளிந்த வெண்கோடு ஒன்றை வரைந்து செல்லும். 1857, மார்ச்சு 25இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். போனோட்டோகிராப் என்று அவர் இட்ட பெயரை ‘ஒலி தன்னைத் தானே எழுதுவது’ என விரித்துப் பொருள் கொள்ளலாம்.

இருபது ஆண்டு கழித்து எடிசன் வெள்ளீயத் தகட்டிற் குரலைப் பதித்து ஒலிப்பித்தபோது உலகம் வியந்தது. ஸ்காட் வியந்திலர். 1878இல் தம் உரிமையை நாட்டிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். பேச்சை எழுதுவதே தம் நோக்கம், ஒலியைத் திரும்ப எழுப்புவது அதுவன்று என்பது அவர் வாதம். இதனைத் தோற்றவரின் மனக்கசப்பு என்று தள்ளிவிடுவாருமுளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. அவர் கேட்டது வேறு வினா. அதனை அவ்வினாவின் அளவிலேயே ஆராய்தல் முறை.

ஸ்காட்டின் கோடு எழுத்தாகுமா? தமிழ் வரிவடிவம் கொண்டு இதனைத் தெளியலாம். கடல், மகள், தங்கை என்னும் மூன்று சொற்களிலும் ககரம் மூவகையாய் ஒலிக்கின்றது. எழுதுவதோ ஒரே வடிவம். படிப்போர் எவரும் இடர்ப்படுவதில்லை. சொல்பவர் ஆணா பெண்ணா, முதியரா இளையரா, வெகுளியிற் சொன்னாரா அன்பிற் சொன்னாரா என்பவற்றுள் ஒன்றையும் ககரம் காட்டாது. காட்டாமையே அதற்கு ஆற்றல். பல்லாயிரம் வாய்களின் பல்லாயிரம் ஒலிகளை ஓர் உருவில் அடக்கிவிடுகின்றது. கரித்தாளின் கோடு இதற்கு மறுதலை. குரல், மூச்சு, நடுக்கம், அறையின் எதிரொலி, உருளை சுழற்றியவன் கைத்தடுமாற்றம் ஆகிய எல்லாம் அதிற் படிந்துள்ளன. ஒரு சொல்லை இருவர் சொன்னால் இரண்டு வேறு கோடுகள். ஒருவரே இருமுறை சொன்னாலும் அவை முற்றும் ஒவ்வா. ஒன்றையும் விடாத வரிவடிவத்தைக் கண் படிக்கவியலாது. ஸ்காட் விரும்பிய படிப்பு அவர் வாழ்நாளிற் கைகூடாமைக்குக் காரணம் இதுவே என்பது எம் துணிபு.

கண் படிக்கவியலாததைப் பின்னர்க் கணிப்பொறி படித்தது. 1860, ஏப்பிரல் 9இல் வரைந்த தாளில் நிலவொளி பற்றிய பழைய பிரெஞ்சுப் பாட்டொன்றின் சிறு பகுதி உள்ளது. அமெரிக்க ஆய்வாளர் சிலர் அத்தாளின் நுண்ணிய படத்தைப் பெற்று, கலிபோர்னியாவின் லாரன்சு பெர்க்லி ஆய்வகத்தார் துணையுடன் 2008-ஆம் ஆண்டு அதனை ஒலிப்பித்தனர். கேட்டது இளம்பெண்ணின் குரல் போன்றதொரு குரல், ஏறத்தாழப் பத்து விநாடி. செய்தி எங்கும் பரவிற்று.

மறு ஆண்டே அது பிழையான பாடம் என்று தெரியவந்தது. கையாற் சுற்றும் உருளை ஒரே விரைவில் ஓடாது ஆதலின், ஸ்காட் பாட்டுக்கோட்டின் அருகே இசைக்கவை ஒன்றன் அதிர்வையும் வரையச் செய்திருந்தார். நொடிக்கு 500 அதிர்வு என்பது கணக்கு. இக்காலத்தார் கவை ஒருமுறை போய் மீள்வதை ஓரதிர்வு என்பர்; அக்காலப் பிரெஞ்சு நாட்டாரோ போவதை ஒன்று, மீள்வதை ஒன்று என இரண்டாக எண்ணினர். எனவே அவர்தம் 500 நமக்கு 250 ஆகும். இவ்வழக்கை முதலில் நோக்காமையாற் பாட்டு இருமடங்கு விரைந்து, ஒரு ஸ்தாயி உயர்ந்துவிட்டது. மாத்திரைக்கு அளவு கூறப் புகுந்த தொல்காப்பியர் கண்ணிமையையும் கைந்நொடியையும் எடுத்துரைத்தமையின் அருமை இத்தகைய இடங்களில் விளங்கும். எண் நின்று அலகு மறைந்த சுவடிகளைப் பதிப்பித்தவர்களும் இவ்விடரை அறிவர்.

அலகு திருந்தியபின் பாட்டு ஏறத்தாழ இருபது விநாடியாக நீண்டது. பெண்குரல் ஆண்குரலாயிற்று, பாடியவர் ஸ்காட்டே ஆகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. எழுதுவோன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுப்பது போல அவர் மிக மெல்லப் பாடுகின்றார்.