செகந்திராபாத்தில் நின்று நெல்லைக்கு டிக்கெட்

பேகம்பேட், செகந்திராபாத் பக்கம் நெடுங்காலமாக வசிக்கும் அன்பர்களுக்கு நினைவிருக்கும். கோடை விடுமுறைக்கு இங்கிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிடலாம். அங்கிருந்து திருநெல்வேலிக்கு? தந்தி கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அல்லது சென்னையிலுள்ள மைத்துனரை வரிசையில் நிற்கவைக்க வேண்டும். இத்தனைக்கும் 1990களின் தொடக்கத்தில் இரு ஊர்களிலும் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆனால் ஒன்றுக்கொன்று பேசத் தெரியாத கம்ப்யூட்டர்கள் அவை.

கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கும் இணைப்புக்கு நெட்வொர்க் என்று பெயர். அது பரவும் தூரத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள்.

ஒரு கட்டடத்துக்குள்ளோ வளாகத்துக்குள்ளோ அடங்குவது லோக்கல் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாக லேன். சாதாரணச் செம்புக் கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரைதான் தாங்கும். கேபிள் நம்முடையது, வேகத்துக்கும் குறைவில்லை.

அமீர்பேட்டிலும் அபிட்ஸிலும் கிளை வைத்திருக்கும் வங்கி அவற்றை இணைக்க நினைத்தால்? நடுவே பிறர் நிலமும் சாலையும் கிடக்கின்றன. தொலைபேசி நிறுவனத்திடம் வாடகைக்கு இணைப்பு வாங்க வேண்டும். இப்படி ஒரு நகரத்தை அளாவுவது மெட்ரோபாலிடன் ஏரியா நெட்வொர்க், அதாவது மேன். தூரத்தைவிட, கம்பி யாருடையது என்ற கேள்விதான் இங்கே பெரிது என்பேன்.

ஊர்களையும் நாடுகளையும் இணைப்பது வைடு ஏரியா நெட்வொர்க். இதன் சுருக்கம் 'வேன்' என்றும் ஒலிப்பதால், பள்ளிக்கூட வேன் என்று குழந்தைகள் எண்ணிவிடப் போகிறார்கள்!

நம் டிக்கெட் பிரச்னையைத் தீர்த்தது இந்த மூன்றாவது வகைதான். ரயில்வேயின் 'கிரிஸ்' நிறுவனம் 'கான்செர்ட்' என்னும் மென்பொருளை உருவாக்கியது. 1994 செப்டம்பரில் அது முதன்முதலாக நிறுவப்பட்டது நம் செகந்திராபாத்தில்தான். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999 ஏப்ரலில் முழுமையாக இணைந்தன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லா ரயில்களின் கணக்கையும் ஒரே இடத்தில் குவிக்கவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸின் படுக்கைக் கணக்கு சென்னை மையத்திலேயே இருக்கும். இங்குள்ள குமாஸ்தா விசையைத் தட்டியதும் கேள்வி 700 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்குப் போகும்; அங்கே ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டு, பதில் திரும்பி வரும். அதே நொடியில் டில்லியில் ஒருவர் அதே படுக்கையைக் கேட்டாலும் கிடைக்காது. ஒரு படுக்கைக்கு ஒரே கணக்குப்பிள்ளை என்பதால் இரட்டை ஒதுக்கீட்டுக்கு இடமில்லை.

2002இல் இணையவழி முன்பதிவு தொடங்கியபின் வரிசையும் குறைந்தது. இப்போது வீட்டு வைஃபைதான் நமது லேன். டிக்கெட் எடுக்கும் நேரத்தில் இணைப்பு நின்றுவிட்டால், வீட்டிலுள்ள இன்னொரு ஃபோனையும் பாருங்கள். அதில் வேலை செய்தால் கோளாறு உங்கள் ஃபோனில். இரண்டிலும் எந்தத் தளமும் வராவிட்டால், வைஃபை பெட்டியையும் வெளியே செல்லும் இணைப்பையும் பார்க்க வேண்டும். மற்ற தளங்களெல்லாம் வந்து ரயில்வே தளம் மட்டும் வராவிட்டால், கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை.