நெஞ்செரிச்சலுக்கு ஒரு நாவல்!

போன கோடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, கூழ் வடகம் காய்ந்தது. மற்றொன்று, கல்யாண வாழ்க்கை முறிந்துபோன ஒரு அமெரிக்கப் பெண்ணின் கதையை, காக்காய் விரட்டிக்கொண்டே நாங்கள் ஆறு பெண்கள் அலசு அலசு என்று அலசினோம். வடகம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பேச்சுத்தான் இன்னும் தீரவில்லை!

புத்தகத்தை வாங்கியது என் பெண். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள் ஊஞ்சல் மேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். இங்கிலீஷ் நாவலைத் தொட்டதே இல்லை. சும்மா புரட்டினால், கதைக்கு நடுவே சமையல் குறிப்பு! விடுவேனா? அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் முடித்தேன். படித்ததை மறுநாள் காலை மாடிப்படி நிழலில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வேன். சன் டி.வி. தொடரைவிட இதற்குக் கிராக்கி அதிகமாகிவிட்டது, போங்கள்!

நாவலின் பெயர் 'ஹார்ட்பர்ன்'. எழுதியவர் நோரா எஃப்ரான். வெளிவந்த வருடம் 1983. 'ஹார்ட்பர்ன்' என்றால் நெஞ்செரிச்சல். பொருத்தமான பெயர்தான். கதாநாயகி பிள்ளைத்தாய்ச்சி ஆயிற்றே! வயிற்றில் குழந்தை வளர வளர இரைப்பையை அழுத்தும். அதோடு கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன், இரைப்பையின் மேல் வாயை இறுக்கமில்லாமல் செய்துவிடும். புளிப்பு மேலே ஏறி நெஞ்சு எரியும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, சாப்பிட்டதும் படுக்காமல் இருந்தால் அந்த எரிச்சல் குறையும். ஆனால் கட்டின புருஷன் வைத்த எரிச்சலுக்கு என்ன செய்வது? அதுதான் கதை.

கதைச் சுருக்கம்

ரேச்சல் சாம்ஸ்டட் சமையல் புத்தகங்கள் எழுதுகிறவள். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று. வயிற்றில் ஏழு மாதம். கணவன் மார்க் வாஷிங்டனில் பெரிய பத்திரிகையாளன். குழந்தைப் பாட்டுப் புத்தகம் ஒன்றில் வேறொருத்தி அவனுக்கு எழுதிக்கொடுத்த வரிகளைப் பார்க்கிறாள் ரேச்சல். அவனுக்கும் தெல்மா ரைஸ் என்பவளுக்கும் காதல் என்று தெரிகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கில் அப்பா வீட்டுக்குப் போகிறாள். மனக் கஷ்டங்களைப் பத்துப் பேராகக் கூடிப் பேசும் வைத்தியக் கூட்டத்துக்குப் போனால், அங்கேயும் ஒரு திருடன் துப்பாக்கியோடு வந்து மோதிரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறான்! கணவன் வந்து கூப்பிட, திரும்பவும் போகிறாள். இரண்டாவது குழந்தை குறைமாதத்தில் ஆபரேஷனில் பிறக்கிறது. அவன் திருந்தவில்லை. கடைசியில் போலீஸ் மீட்டுக்கொடுத்த மோதிரத்தை விற்றுவிட்டு, சிநேகிதி வீட்டு விருந்தில், தான் செய்துகொண்டுபோன எலுமிச்சை இனிப்பை எடுத்துக் கணவன் முகத்தில் எறிந்துவிட்டுக் கிளம்புகிறாள்.

இவ்வளவு துக்கத்தையும் விழுந்து விழுந்து சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அதுதான் ஆச்சரியம்.

எழுதியவருக்கு இது கற்பனையும் அல்ல. அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் 1974-ல் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொணர்ந்த இரண்டு நிருபர்களில் ஒருவரான கார்ல் பெர்ன்ஸ்டீன்தான் நோராவின் கணவர். 1976-ல் கல்யாணம். 1979-ல் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவருக்கு வேறு தொடர்பு இருப்பது தெரிந்து, குடும்பம் உடைந்தது. நோராவின் அம்மாவும் சினிமாவுக்குக் கதை எழுதியவர். வாழ்க்கையில் என்ன நடந்தாலும் அது எழுதுகிறவளுக்குச் சரக்கு என்று சொல்லித்தான் நான்கு பெண்களையும் வளர்த்தாராம். நான்கு பேருமே எழுத்தாளர்கள் ஆனார்கள்.

மாடியில் எழுந்த அபிப்பிராயங்கள்

கதையைச் சொல்லி முடித்ததும் ஆளுக்கொரு பேச்சு.

எதிர்வீட்டு மாமிக்கு எழுபத்தி நான்கு வயது. அவருக்கு ஒரே ஆதங்கம்தான். "அவன் மூஞ்சில சாணியைக் கரைச்சு ஊத்தியிருக்கலாம். முட்டை, பால், சர்க்கரை எல்லாம் போட்டுப் பண்ணின பண்டத்தைப் போய் வீணாக்கினாளே!"

ஓய்வு பெற்ற டீச்சர் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாத்துக்கும் சிரிச்சா எப்படி? அழ வேண்டிய இடத்துல அவள் ஜோக் சொல்லித் தப்பிச்சுக்கறா. அழுகையை அடக்கினா உள்ளேயே தங்கிடும்" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் ரேச்சல் அழாமல் இல்லை. நிறையவே அழுகிறாள். அழுதபிறகுதான் சிரிப்பு வருகிறது. கதையிலேயே அவளுடைய வைத்தியர் அம்மாள், நடந்ததையெல்லாம் ஏன் கதையாக்குகிறாய் என்று கேட்கிறார். தன் கதையைத் தானே சொன்னால் கடிவாளம் தன் கையில் இருக்கும், பிறர் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதைவிடச் சிரித்தால் தேவலை என்கிற மாதிரி அவள் பதில் சொல்கிறாள்.

கீழ்வீட்டில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருக்கும் பெண்ணுக்கு உருளைக்கிழங்கு அத்தியாயம்தான் பிடித்தது. புதுக் காதல் என்றால் சீவி, அடுக்கி, மொறுமொறுவென்று மணிக்கணக்கில் மெனக்கெட்டு உருளைக்கிழங்கு செய்வார்களாம். நாளாக நாளாக அந்தப் பொறுமை போய்விடும். காதல் முறிந்தால், வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட வேண்டியதுதான்! "அக்கா, நான் இப்ப ரோஸ்ட் ஸ்டேஜ்ல இருக்கேன்" என்று அவள் சொல்ல, மாடி அதிர்ந்தது.

கைக்குழந்தைக்காரி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க பெரியவங்களானதும் இதைப் படிப்பாங்களே! அப்பாவோட மானத்தை அம்மாவே கப்பலேத்தினதைப் பார்த்தா அதுங்க மனசு என்ன பாடுபடும்?" என்றாள்.

இந்தக் கேள்வியை 1983-லேயே அமெரிக்காவில் கேட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்குச் செய்த கொடுமை என்கிற அளவுக்கு ஒரு விமரிசகர், அதுவும் புனைபெயரில், கடுமையாக எழுதினார். பெர்ன்ஸ்டீனுக்கும் கோபம். 1986-ல் மெரில் ஸ்ட்ரீப், ஜாக் நிக்கல்சன் நடித்துச் சினிமாவாக வந்தபோது, கணவனை நல்ல தகப்பனாகக் காட்ட வேண்டும் என்று விவாகரத்து ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். நோராவும் சும்மா இருக்கவில்லை. ஆண்கள் தங்கள் கல்யாணக் கதையை எழுதினால் அது இலக்கியம், பெண் எழுதினால் மட்டும் அது சொந்தக் கதைக்குப் போட்ட முக்காடா என்று பின்னாளில் எழுதிய முன்னுரையில் திருப்பிக் கேட்டார்.

நான் இரண்டு பக்கமும் யோசித்தேன். குழந்தைகள் விஷயத்தில் அந்தத் தாய் சொன்னதைத் தள்ள முடியாது. இன்னொரு குறையும் எனக்குப் பட்டது. தெல்மாவின் உயரத்தையும் கழுத்தையும் அவள் செய்யும் புட்டிங்கையும் கேலி செய்கிறாரே தவிர, அவளை ஒரு மனுஷியாக எங்கேயும் காட்டவில்லை. கோபத்தில் எழுதினால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

எங்கள் ஊர் எலுமிச்சைதான்!

முகத்தில் எறிந்த அந்தப் பண்டம் என்ன என்று கேட்கிறீர்களா? 'கீ லைம் பை'. ஃப்ளோரிடாவின் தெற்கு முனையில் உள்ள கீஸ் தீவுகளின் பேரால் வழங்கும் எலுமிச்சை அது. விசாரித்தால், நாம் ஊறுகாய் போடுகிற மெல்லிய தோல் எலுமிச்சை இனம்தானாம்! நம் பக்கத்து ஆசியப் பழம் கப்பலேறி அங்கே போயிருக்கிறது. பிறகு செய்து பார்க்காமல் இருக்க முடியுமா?

அவர்கள் முட்டை மஞ்சள் கரு சேர்க்கிறார்கள். எங்கள் மாடியில் பாதிப் பேர் முட்டை தொடமாட்டார்கள் என்பதால் நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு பாக்கெட் மேரி பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் விட்டுப் பிசறி, தட்டில் அழுத்திப் பரப்பிக் குளிர வைக்க வேண்டும். ஒரு டின் மில்க்மெய்டில் நான்கைந்து எலுமிச்சம்பழச் சாறும் (அரைக் கப் வர வேண்டும்) கொஞ்சம் துருவிய பச்சைத் தோலும் சேர்த்துக் கிளறினால், அடுப்பே இல்லாமல் தானாகக் கெட்டிப்படும். பாலில் புளிப்புப் பட்டால் இறுகும் அல்லவா, அதே கதைதான். தோலின் வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசந்துவிடும், ஜாக்கிரதை. பிஸ்கட் மேல் பரப்பி நான்கைந்து மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால், புளிப்பும் இனிப்புமாகப் பிரமாதம்!

இதைச் செய்த அன்றைக்கு என் தங்கை வந்திருந்தாள். இனி எழுதுவதை அவளிடம் படித்துக் காட்டி, சரி என்று சொன்னபிறகே அனுப்புகிறேன்.

ஆறு வருஷம் முன்பு அவள் வீட்டுக்காரர் அவளையும் நான்கு வயதுக் குழந்தையையும் விட்டுவிட்டு வேறு ஒருத்தியோடு போய்விட்டார். எங்கள் அம்மா மானத்துக்குப் பயந்தார். அம்மாவைவிட நான் அதிகமாகப் பயந்தேன். "மாப்பிள்ளை துபாய்ல வேலைக்குப் போயிருக்கார்" என்று முதலில் ஊருக்குச் சொன்னது நான்தான். ஆறு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குத் தகுந்த மாதிரி அவளும் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். வந்தால் யாராவது கேட்பார்களே!

தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவள் கையில் ஏந்திப் பார்த்தாள். "இது சரியான கனம்தான் அக்கா. ஆனா எறியறதுக்கு ஆள் வேணுமே!" என்றாள். எனக்குப் பகீர் என்றது. அப்புறம் அவளாகவே ஆரம்பித்தாள். "போனாரே, பெட்டியில என்ன எடுத்துட்டுப் போனார் தெரியுமா? வேட்டி சட்டையோட என் இட்லிக் குக்கரையும் எடுத்துட்டுப் போயிட்டார். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனுஷன்! அன்னிக்கு ராத்திரி அரைச்சு வைச்ச மாவைப் பார்த்துப் பார்த்து அழுதேன். காலையில் அதையே தோசையா வார்த்துட்டேன். பிள்ளை எட்டு தின்னான்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த ராத்திரியைப் பற்றி அவள் வாயால் கேட்டேன். நானாக ஒருநாளும் கேட்டதில்லை.

நாவலைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்றேன். "எனக்குப் பிடிச்சிருக்கு அக்கா. அவள் கதையை அவளையே சொல்ல விட்டாங்க. என் கதையை நீங்க எல்லாரும் சேர்ந்து துபாய்க்கு அனுப்பிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுட்டது.

சகோதரிகளே, துக்கத்தில் இருப்பவளிடம் சிரி, சிரி என்று நான் சொல்ல வரவில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வே வெறுத்தது என்றால் புத்தகம் போதாது. டாக்டரிடம்தான் அழைத்துப் போக வேண்டும். எல்லாரும் ஊரறியப் புத்தகம் எழுத வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்ல நினைக்கிறபோது, நாம் வாயைப் பொத்தக்கூடாது. அவள் கதையை நம் கௌரவத்துக்காக மாற்றிச் சொல்லக்கூடாது. நடந்ததை அவளே, அவள் பாணியில், சிரித்தோ அழுதோ சொல்லிவிட்டால் பாதி எரிச்சல் அடங்கிவிடுகிறது. என் கண்ணால் பார்த்தேன்.

நவராத்திரிக்குத் தங்கை வந்திருந்தாள், ஆறு வருஷத்துக்குப் பிறகு. சுண்டல் வாங்க வந்த உறவுக்கார அம்மாள் ஒருவர், "மாப்பிள்ளை துபாய்ல சௌக்கியமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பழக்க தோஷம், என் வாய் திறந்துவிட்டது. அதற்குள் தங்கை, "துபாயும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை அத்தை. நானும் பையனும் நல்லா இருக்கோம். சுண்டல் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றாள்.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு கிண்ணத்தை நீட்டினார். "வை, வை. உப்பு சரியா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். இதற்குப் பயந்தா ஆறு வருஷம் பொய் சொன்னோம்?